நீள பஸ் அபிஷேகப்பாக்கம் வருமா?

பதிவு எண் வரை குறித்துவைக்கும் பஸ் ரசிகர்களுக்கு ‘வெஸ்டிபுல்’ என்றாலே தனி கிறக்கம். சென்னையில் எம்டிசி ஒருகாலத்தில் ஓட்டிய, நடுவில் துருத்தி மடிப்புள்ள அதே பஸ்தான். சாதாரண பஸ் 12 மீட்டர் என்றால், இது 18 மீட்டர் வரை போகலாம். ஆனால் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியில் தொடங்கிய 120 மின்சார பஸ்களும் ஒற்றை உடல்தான்.

என்ன சிக்கல்? நடுவில் மடிந்து திரும்பிவிடும். நிற்கத்தான் இடம் வேண்டும். நிறுத்தம், டிப்போ எல்லாமே நீள வேண்டும். வழியில் பழுதானால் ரோடே அடைபடும்.

தவளக்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டுப் பிரிந்து போகும் அபிஷேகப்பாக்கத்துக்கு நீளம் எதற்கு? அதே கூட்டத்துக்கு இரண்டு சின்ன பஸ் விட்டால், புதுச்சேரிக்கு வேலைக்குப் போறவங்க காத்திருப்பது பாதியாகும். ரசிகர்களுக்குப் படம் எடுக்க ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு டிரைவர், இரண்டு கண்டக்டர் சம்பளம். கணக்கு இடிப்பது அங்கேதான்.