யார் முதல் வீரர்? அளக்கும் படி யாருடையது?

பழைய காலத்து ஹெவி வெயிட் குத்துச்சண்டை வீரர்களில் முதல்வர் யார், இரண்டாமவர் யார், பத்தாமவர் யார் என்று வரிசை வைப்பது உலகெங்கும் நடந்துவரும் காரியம். பத்திரிகைகள் பட்டியல் வெளியிடுகின்றன. ரசிகர்கள் அதை ஒதுக்கிவிட்டு வேறு பட்டியல் எழுதுகிறார்கள். நமது காரிமங்கலமும் இதற்கு விலக்கல்ல. 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு, சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இளைஞர்கள் அலி பெரியவரா, டைசன் பெரியவரா என்று வாதாடுவதை நாம் கேட்டு வருகிறோம்.

வாதாடட்டும். உழைத்துக் களைத்தவர்கள் விளையாட்டைப் பற்றிப் பேசி மகிழ்வதில் குற்றமென்ன? ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் இந்த வாதத்தில் இறங்கக் கூடாது. படியால் அளந்து கேழ்வரகு விற்ற காலத்தில், சந்தைக்கு வந்த நமது தாய்மார்கள் முதலில் படியைத்தான் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள். அடி மேலே தூக்கியிருக்கிறதா, வாய் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தானியத்துக்கு விலை பேசுவார்கள். வீரர்களை அளக்கும் பட்டியலுக்கும் இந்தச் சோதனை வேண்டும். எத்தனை பட்டம் வென்றார், எத்தனை ஆண்டு அதை வைத்திருந்தார், எத்தனை லட்சம் டாலர் சம்பாதித்தார் என்பவையே பெரும்பாலான பட்டியல்களின் படி. இந்தப் படி சரியானதா?

சரியல்ல என்பதே நமது கருத்து. காரணங்களைச் சொல்கிறோம்.

பூட்டப்பட்ட களம்

1908 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், டாமி பர்ன்ஸ் என்ற வெள்ளையரை வீழ்த்தி, ஜாக் ஜான்சன் ஹெவி வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பின மனிதர் அவரே. அதற்கு முன் சாம்பியனாக இருந்த ஜான் சல்லிவன், கறுப்பினத்தவருடன் பட்டத்துக்காக மோதுவதில்லை என்றே இருந்துவிட்டார். ஜான்சனை அடக்க, ஓய்வுபெற்றிருந்த ஜெஃப்ரிஸ் என்ற வெள்ளை வீரரைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். 1910 ஜூலை 4-ல் அவரும் தோற்றார். அன்று இரவே அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் பலியாயின. களத்தில் கைகளால் தீர்க்க முடியாததைப் பிறகு சட்டத்தால் தீர்த்தார்கள். 1913-ல் ஜான்சனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு அவருக்கு மன்னிப்பு வழங்க அமெரிக்க அரசுக்கு 2018 வரை ஆயிற்று. அவர் இறந்ததோ 1946-ல்!

1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அதற்குப் பின் 1937 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரருக்கும் அந்தப் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. அந்தக் காலத்து நாயகர் ஜாக் டெம்ப்சி. 1919 முதல் 1926 வரை அவர் சாம்பியன். ஆனால் அதே காலத்தில் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரர் வாசலில் நின்று கொண்டேயிருந்தார். பேச்சுகள் நடந்தன, ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன, சண்டை மட்டும் நடக்கவில்லை. இன்று பட்டியலில் டெம்ப்சிக்கு உயர்ந்த இடம். வில்ஸ் பெயர் பலருக்குத் தெரியாது. களத்துக்குள்ளேயே விடாத ஒருவரைத் தோற்றவர் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாம்பியனான பிறகு ஜான்சனும் சாம் லாங்ஃபோர்டு போன்ற தலைசிறந்த கறுப்பின வீரர்களுக்குப் பட்டப் போட்டி தரவில்லை. வெள்ளையருடன் மோதினால்தான் பெரிய வசூல். ஆக, இங்கே நிறவெறியோடு டிக்கெட் வசூலும் கைகோத்து நின்றது. எவர் யாருடன் மோதுவது என்பதை வீரர்கள் தீர்மானிக்கவில்லை. பணம் போட்டவர்கள் தீர்மானித்தார்கள்.

‘விளையாட்டில் அரசியலைப் புகுத்தாதீர்கள், களத்தில் கைகள் பேசட்டும்’ என்று சிலர் நமக்குப் புத்தி சொல்லக்கூடும். கைகளைப் பேச விடாமல் கட்டிப்போட்டவர்கள் யார் என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

பட்டம் இருந்தவரும் பட்டம் இல்லாதவரும்

1937-ல் பட்டம் வென்ற ஜோ லூயிஸ் 1949 வரை அதைத் தக்க வைத்துக்கொண்டார். இருபத்தைந்து முறை அதைக் காப்பாற்றினார். 1938-ல் ஹிட்லரின் ஆட்கள் தங்கள் இனத்தின் பெருமையாகக் காட்டிய ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே சாய்த்தார். 1942-ல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நல நிதிகளுக்குக் கொடுத்தார், அதே ஆண்டில் சிப்பாயாகவும் சேர்ந்தார். அப்படிப்பட்டவரை யுத்தம் முடிந்த பிறகு வரிப் பாக்கி என்று அரசு ஆண்டுக்கணக்கில் துரத்தியது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியொன்றில் வருகிறவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்பதே அவருக்கு வேலையாயிற்று. பட்டியலில் முதலிரண்டு இடங்களுக்குள் வருகிறவரின் கதி இது!

முகம்மது அலியின் கதை நம் இளைஞர்களுக்குத் தெரிந்ததே. 1967-ல் வியட்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள். மூன்றரை ஆண்டுகள் களத்தில் இறங்க விடவில்லை. 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனையை ரத்துச் செய்தது. ஆனால் ஒரு வீரனின் இருபத்தைந்தாம் வயதை எந்தக் கோர்ட்டு திருப்பித் தரும்? அந்த மூன்றரை ஆண்டுகளில் அவர் ஒரு வெற்றியும் பெறவில்லை. பட்டங்களை எண்ணும் படிக்கு அவை வெறும் ஆண்டுகள். நமது படியில் அவரது மிகப்பெரிய சண்டை அப்போதுதான் நடந்தது.

கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனை எடுத்துக்கொள்வோம். 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஹெவி வெயிட் தங்கம் வென்றவர். அமெரிக்கத் தரகர்கள் பத்து லட்சம் டாலர் கணக்கில் ஆசை காட்டினார்கள். தம் நாட்டு மக்களின் அன்பே தமக்குப் பெரிது என்று மறுத்துவிட்டார். ஆகவே தொழில்முறைப் பட்டம் எதுவும் அவருக்கு இல்லை. பல பட்டியல்களில் அவர் பெயரும் இல்லை. விலைக்கு வராத சரக்கைச் சந்தைக் கணக்கில் எழுத மாட்டார்கள் அல்லவா?

நமது நாட்டின் இருவர்

இதெல்லாம் அந்நிய நாட்டு விஷயம். இந்தியாவின் பழைய ஹெவி வெயிட் வீரர்களை நாம் வரிசைப்படுத்துவோமா? அலியையும் டைசனையும் அறிந்த நம் இளைஞர்களில் எத்தனை பேர் ஹவா சிங்கை அறிவார்கள்? கவுர் சிங்கை அறிவார்கள்?

ஹவா சிங் ஹரியானாவின் கிராமத்துப் பிள்ளை, ராணுவ வீரர். 1961 முதல் 1972 வரை தொடர்ந்து 11 முறை தேசிய ஹெவி வெயிட் சாம்பியன். 1966-லும் 1970-லும் பாங்காக் ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றார். கவுர் சிங் பஞ்சாபின் சங்ரூர் பகுதி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவரும் ராணுவ வீரர். 1982 டில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பங்கு கொண்டார். 1980 ஜனவரியில் டில்லி வந்த அலியை எதிர்த்துக் காட்சிச் சண்டையில் நின்றவரும் அவரே.

இருவரும் ராணுவத்திலிருந்து வந்தது தற்செயலா? அக்காலத்தில் ஹெவி வெயிட் என்றால் 81 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். அது கொழுப்பாக இருந்தால் பயனில்லை. சதையும் எலும்புமாக இருக்க வேண்டும். கூலி வேலை செய்து அரை வயிறு கஞ்சி குடிக்கும் வீட்டில் அந்த உடம்பு எப்படி வளரும்? மூன்று வேளைச் சாப்பாடும், பாலும், முட்டையும், பயிற்சிக்கு நேரமும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் ராணுவ முகாம்தான். நாட்டில் ஹெவி வெயிட் வீரர்கள் ஏன் குறைவு என்ற கேள்விக்குப் பாதி விடை சோற்றுப் பானையில் இருக்கிறது.

சரி, இவ்விருவரில் முதல்வர் யார்? அலியுடன் நின்றதால் கவுர் சிங்கே பெரியவர் என்று சிலர் சொல்லலாம். ஏற்பதற்கில்லை. காட்சிச் சண்டை வெற்றி தோல்விக்கான சண்டையல்ல. ஹவா சிங்கின் தங்கங்கள் இரண்டும் ஆசியக் கண்டத்துக்குள் கிடைத்தவை என்று குறை சொல்லலாம். அந்தக் குறை கவுர் சிங்கின் தங்கத்துக்கும் உண்டு. நாம் ஹவா சிங்குக்கே முதலிடம் தருவோம். பட்டங்களின் எண்ணிக்கை அதற்கு ஒரு காரணம். ஆனால் முக்கிய காரணம் வேறு. ஓய்வு பெற்ற பின் அவர் பிவானியில் ஏழை எளிய பிள்ளைகளைச் சேர்த்துக் குத்துச்சண்டை கற்பித்தார். அவர் வேரூன்றிய அந்த மண்ணிலிருந்துதான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங் வந்தார். குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தான் ஜெயித்தவன் வீரன். ஜெயிக்கும் கைகளை உருவாக்கியவன் அதைவிடப் பெரிய வீரன். அந்தப் பயிற்சிக்காக அவருக்குத் துரோணாச்சாரியார் விருது அறிவித்தார்கள். ஆனால் விருது வழங்கும் நாளுக்குச் சில நாட்களே இருக்கையில், 2000 ஆகஸ்டில், அவர் காலமானார்.

கவுர் சிங்குக்கு இரண்டாம் இடம். ஆனால் அவரைப் பற்றிய கணக்கு அத்துடன் முடியவில்லை. 1982 தங்கத்துக்காக மாநில அரசு அறிவித்த ஒரு லட்சம் ரூபாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் கைக்கு வந்து சேரவில்லை. 2017-ல் இருதய சிகிச்சைக்காக அவர் தனியாரிடம் கடன் வாங்கிய செய்தி பத்திரிகைகளில் வெளிவந்த பிறகே நாடு அவரை நினைத்தது. ராணுவம் உதவிக்கு வந்தது. 2023 ஏப்ரலில் அவர் இறந்தார். அதே ஆண்டில்தான் பஞ்சாபின் பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவர் வரலாறு ஏறியது. புத்தகத்தில் இடம் கொடுத்தவர்கள் பேசிய பணத்தைப் பேசிய ஆண்டிலேயே கொடுத்திருந்தால் என்ன?

கணக்கேட்டில் இல்லாதவர்கள்

நமது வட சென்னைக்கு வருவோம். ஹெவி வெயிட் அல்லாவிடினும் இங்கே பேச வேண்டியவர்கள் அவர்கள். துறைமுகத் தொழிலாளரும், மீனவரும், ஆலைத் தொழிலாளரும் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டினார்கள். வெள்ளையர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் டெர்ரியை வென்ற கித்தேரி முத்துவின் பெயரைப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். 1980-ல் அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை செய்தபோது, அதைக் காணத் திரண்ட கூட்டத்துக்குக் குத்துச்சண்டை புதிய பண்டமல்ல. ஆனால் வட சென்னை வீரர்களின் சரித்திரத்தில் பெரும்பகுதி ஜனங்களின் வாய்மொழியில்தான் உயிர் வாழ்கிறது. சொல்லும் வாய்கள் ஓய்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். பட்டியல் எழுத நினைக்கும் இளைஞர்கள் முதலில் அந்தத் தெருக்களுக்குப் போய்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வைக்கட்டும்.

நாம் கேட்பது

காரிமங்கலத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ராணுவத் தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் விடியுமுன் எழுந்து தார்ச்சாலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அவர்களுக்குள் ஒரு ஹவா சிங் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவர்களுக்கு ஓட மைதானமும், பயிற்சிக்குக் கூடமும், உடம்பு வளரச் சத்தான உணவும் வேண்டும். நாட்டுக்காகக் களத்தில் நின்றவர்களுக்கு முதுமையில் சிகிச்சை உரிமையாகக் கிடைக்க வேண்டும். பத்திரிகையில் செய்தி வந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை கூடாது. அறிவித்த பரிசு அறிவித்த ஆண்டிலேயே வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இவற்றைக் கேட்டுக்கொண்டே பட்டியலும் போடுவோம். யாரை வென்றார் என்பதோடு, யாருடன் மோத மறுத்தார், யாரை மோத விடாமல் தடுத்தார்கள், எதற்காகப் பட்டத்தை இழந்தார், தமக்குப் பின் யாரைத் தயார் செய்தார் என்பவற்றையும் சேர்த்து எழுதுவோம். அடுத்த முறை தேநீர்க் கடையில் அலியா டைசனா என்ற பேச்சு வரும்போது, நம் இளைஞர்கள் ஹாரி வில்சையும் ஸ்டீவன்சனையும் ஹவா சிங்கையும் கவுர் சிங்கையும் அந்தப் பேச்சுக்குள் கொண்டு வர வேண்டும்.