ஹிட்லரைப் புகழ்ந்த பையன்

வேடசந்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். ஓய்வு பெறும் வருடம், பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர்ப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஹிட்லர் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், ஹிட்லர் நல்ல ஆளுதான? நேதாஜியே அவரைப் போய்ப் பாத்தாருல்ல. யூதங்க மோசமானவங்க, அதான் கொன்னாரு."

எங்கே படித்தாய் என்று கேட்டேன். போனில் வந்ததாம்.

அவன் நோட்டு அட்டையில் ஒரு மெழுகுவர்த்திப் படம் ஒட்டியிருந்தது. கீழே முள்ளிவாய்க்கால், மே 18 என்று அவன் கையெழுத்து; ஈழத்தில் நம் தமிழர்கள் கொன்று குவிக்கப்பட்டதன் நினைவு நாள். அந்த அட்டையும் அந்தக் கேள்வியும் ஒரே பிள்ளையிடம் இருந்ததுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவன் யூதர் ஒருவரையும் பார்த்தவன் இல்லை. பக்கத்துக் கேரளத்தில், மட்டாஞ்சேரியில், கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுக்க, 1568இல் யூதர்கள் கட்டிய ஜெப ஆலயம் இன்னும் நிற்பதும் அவனுக்குத் தெரியாது. ஆள் வராமலேயே வெறுப்பு மட்டும் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்துவிட்டது.

இனப்படுகொலை என்று நாம் சுவரொட்டியில் அடிக்கிறோமே, அதற்கு இணையான 'ஜெனோசைடு' என்ற சொல்லை 1944இல் உலகுக்குக் கொடுத்தவர் ரஃபேல் லெம்கின், போலந்து நாட்டு யூத வழக்கறிஞர். பெற்றோர் உட்படத் தன் சொந்தக்காரர்கள் நாற்பத்தொன்பது பேரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். அவர் ஓயாமல் அலைந்ததில்தான் 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. சபை இனப்படுகொலைக்கு எதிரான உடன்படிக்கையை நிறைவேற்றியது. முள்ளிவாய்க்காலுக்கு நியாயம் கேட்டு நாம் நீட்டுகிற காகிதம் அதுதான். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதைத் தந்தவரின் ஜனத்தைக் கொன்றவனை மெச்சுவது எவ்வளவு பெரிய அறியாமை! பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுக்காத நாங்கள்தான் பொறுப்பு.

நம் பாடப்புத்தகத்தில் ஹோலோகாஸ்ட் பற்றி இருக்கத்தான் செய்கிறது. கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ அறுபது லட்சம் என்று எழுதினால் மதிப்பெண் விழும். விஷவாயு அறைக்கு முன்னால் எட்டு வருடம் என்ன நடந்தது என்பதைத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும். 1933 ஏப்ரலில் யூதர் கடையில் வாங்காதே என்று வாசலில் ஆள் நிறுத்தினார்கள். 1935இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1938இல் பாஸ்போர்ட்டில் தனி முத்திரை குத்தினார்கள். 1941இல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கச் சொன்னார்கள். அத்தனையும் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்கு 2022இல் அரசு 321 வீடுகள் கட்டிக் கொடுத்தது. அங்கே ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தபோது அவருடைய அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தவங்கள் கையில லிஸ்ட் இருந்தது பிள்ளை. ஓட்டுப் போடுற லிஸ்ட். எது தமிழன் வீடு எண்டு பாத்துப் பாத்துத்தான் கொளுத்தினவங்கள்" என்றார். வாக்காளர் பட்டியலைத்தான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குப் பெர்லினும் கொழும்பும் ஒரே தெருவாகத் தெரிந்தன.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2021 முதல் ஆண்டுதோறும் மே 18இல் முடியும் ஏழு நாள் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம் என்று சட்டமே இருக்கிறது. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போயும் சட்டம் நிலைத்தது. அதே மாகாணம் 2023இலிருந்து ஆறாம் வகுப்பிலேயே ஹோலோகாஸ்ட் பாடத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே நம் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். இங்கே மே மாதம் போஸ்டர் மட்டும்தான்.

காசாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும், எனக்கும் வருகிறது. ஒரு அரசாங்கத்தின் மேல் வரும் கோபத்தை ஒரு ஜனத்தின் மேல் திருப்பிவிடுவதைத்தான் யூத வெறுப்பு என்கிறோம். இலங்கை அதிபராக இருந்த ராஜபக்ச செய்ததற்காகச் சிங்களக் குழந்தையை வெறுக்கலாமா என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது விளங்கும்.

எங்கள் பகுதி நூற்பாலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் சேர்கிறார்கள். 'வடக்கன்' என்று ஒருவன் கூப்பிட, வகுப்பே சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். அன்று பாடத்தை நிறுத்திவிட்டு மஞ்சள் நட்சத்திரத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஒன்பதாம் வகுப்பில் பத்து பீரியடு ஒதுக்கினால் போதும். பிணங்களின் படம் வேண்டாம், பிள்ளைகள் பயந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். நடத்தப் போகும் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். ஒரு பீரியடுக்குத் தோட்டனூத்து அம்மா போன்ற ஒருவரை வரவழைத்து, நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், அவர் சொல்லட்டும்.