டிசம்பரில் போட வேண்டிய ஜூன் கணக்கு

கூடலூரில் தேயிலை வைத்திருப்பவர் யாரும் மொத்தத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் கவாத்து வெட்டுவதில்லை. கவாத்து விழுந்த பகுதியில் சில மாதங்களுக்குப் பச்சை இலை கிடையாது. ஆலைக்குப் போகும் மூட்டை நின்றால் கூலிக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதனால் தோட்டத்தைப் பங்கு பிரித்து, நான்கைந்து ஆண்டுச் சுற்றில் ஒவ்வொரு பங்காக வெட்டுகிறார்கள். எந்தப் பகுதிக்கு எந்த ஆண்டு கவாத்து என்று கணக்கப்பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கால்பந்து கிளப்பின் மேலாளரிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அணியில் எத்தனை பேரின் ஒப்பந்தம் வரும் மே 31ஆம் தேதி முடிகிறது? அவர்கள் வாங்கும் சம்பளம் மொத்தத்தில் எத்தனை பங்கு? பலரும் கோப்பைத் தேடுவார்கள். சம்பள உச்சவரம்பு என்றதும் ஜூன் மாதச் சந்தையும் ஏஜென்டுகளின் தொலைபேசி அழைப்புகளும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஜூனில் ஒரு கிளப்பால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதை, முந்தைய ஆண்டுகளில் ஒப்பந்தத் தாள்களில் எழுதப்பட்ட முடிவுத் தேதிகள் பெரும்பாலும் தீர்மானித்துவிட்டிருக்கும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ வீரர்களின் சந்தையைப் பற்றி இந்த இதழ் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

சென்னையின் எஃப்சி 2020இல் பட்டது பலருக்கும் நினைவிருக்கும். இந்தியன் சூப்பர் லீகின் (ஐஎஸ்எல்) 2019-20 பருவத்தில் பாதி வழியில் பொறுப்பேற்ற ஓவன் கோயல் அணியை இறுதிப் போட்டிவரை இழுத்துச் சென்றார். முன்கள வீரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். 2020 மார்ச் 14 அன்று, பார்வையாளர் இல்லாத ஃபதோர்தா அரங்கில், ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றதோடு அந்தக் கதை முடிந்தது. கோடையில் கோயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அதே ஊருக்குப் போனார். அடுத்த பருவத்தில் சென்னையின் 20 ஆட்டங்களில் அடித்த கோல் 17. பதினொரு ஆட்டங்கள் டிரா, எட்டாம் இடம். ஆட்டத்தைச் சமைத்துத் தந்த ரஃபேல் கிரிவெல்லாரோவைக் கிளப் தக்கவைத்திருந்தது. அவரும் காயம்பட்டு நடுவிலேயே ஒதுங்கினார்.

வால்ஸ்கிஸ் பணத்துக்காக மட்டும் போனார் என்று சொல்ல முடியாது. தன்னை நம்பிய பயிற்சியாளரைத் தேடி வீரர் போவது இயல்பு. மேலாளர் பார்க்க வேண்டியது வேறு. பயிற்சியாளரும் முதன்மை கோலடிப்பவரும் ஒரே கோடையில் கைவிட்டுப் போகும்படி ஒப்பந்தங்கள் அமைந்திருந்தால், கையில் எவ்வளவு பணம் மிஞ்சினாலும் அந்த ஓட்டையை இரண்டே மாதத்தில் அடைக்க முடியாது.

இந்தியாவில் இந்தத் திறந்த சந்தைக்கு வயது குறைவு. 2017 ஜூலையில் மும்பையில் நடந்த டிராஃப்டில் ஒவ்வொரு இந்திய வீரருக்கும் விலை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவுக்கும் நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோவுக்கும் அன்றைய உச்ச விலை, தலா 1.10 கோடி ரூபாய். அனஸை முதல் ஆளாக எடுத்தது ஜாம்ஷெட்பூர். அந்த முறையில் மேலாளரின் வேலை பட்டியலைப் பார்த்துக் கை தூக்குவது. அதன்பின் பேரம் கிளப்புகளின் கைக்கு வந்தது. பேரம் வந்ததும், விலை ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஒரே வேலி சம்பள உச்சவரம்புதான் என்றானது. ஐஎஸ்எல்-இல் அது 16.5 கோடி ரூபாய் என்ற அளவில் பல பருவங்கள் நின்றது.

இந்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தைக் கணக்கர்கள் மட்டுமே கவனித்திருக்கிறார்கள். வெளிநாட்டு வீரர்கள் டாலரில் பேரம் பேசுகிறார்கள். 2020 கோடையில் டாலர் ஏறக்குறைய 75 ரூபாய், அப்போது 16.5 கோடி என்பது 22 லட்சம் டாலர். 2023 கோடையில் டாலர் 82 ரூபாய், அதே 16.5 கோடி 20 லட்சம் டாலராகச் சுருங்கிவிட்டது. வரம்பு விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஒரு நல்ல வெளிநாட்டு வீரரின் சம்பளத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளப்புக்கு அடுத்த பருவத்துக்கான உறுதிச் சம்பளம் 11 கோடி என்று வைத்துக்கொள்வோம். மீதி 5.5 கோடி. ஜனவரியில் காயத்துக்கு மாற்று ஆள் தேவைப்படும் என்று 1 கோடியை ஒதுக்கினால் 4.5 கோடி. முன்கள வீரர் ஒருவர் 3 லட்சம் டாலர் கேட்கிறார். 82 ரூபாய் விகிதத்தில் அது 2.46 கோடி, கையெழுத்தாகிச் சம்பளம் போகத் தொடங்கும்போது விகிதம் 86 ஆகியிருந்தால் 2.58 கோடி. வித்தியாசம் 12 லட்சம். ரிசர்வ் அணியிலிருந்து மேலே கொண்டுவர நினைத்த ஒரு பையனின் ஆண்டுச் சம்பளத்தை அது விழுங்கிவிடக்கூடும்.

அடுத்து, தேதி. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வீரர் வேறு கிளப்போடு கையெழுத்திடலாம் என்பது ஃபிஃபா விதி. பேச வரும் கிளப், தற்போதைய கிளப்புக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். மே 31இல் முடியும் ஒப்பந்தத்துக்கு அந்த ஆறு மாதம் டிசம்பர் 1இல் தொடங்குகிறது. பருவம் அப்போது நடுவில் இருக்கும்; மேலாளரின் கவனம் முழுக்க அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் இருக்கும். எதிரணி மேலாளரின் கவனம் நம் வீரரின் மீது. 1995 டிசம்பர் 15இல் பெல்ஜிய வீரர் ழான்-மார்க் போஸ்மன் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்ற நாள் முதல், ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு மாற்றுத் தொகை கேட்கும் உரிமையை கிளப்புகள் இழந்தன. நாளடைவில் உலகம் முழுவதும் அதுவே நடைமுறையானது. டிசம்பரில் பேசாமல் விட்ட வீரரை ஜூனில் சும்மா அனுப்பி வைக்க வேண்டியதுதான்.

உச்சவரம்பை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே ஃபுட்பால் என்பது வேறு விளையாட்டு. கணக்கு மட்டும் ஒன்றே. 1994இல் அந்த ஆட்டத்தின் தேசியத் தொடரான என்எஃப்எல் முதன்முதலாக வைத்த வரம்பு 3.46 கோடி டாலர். 2025இல் அது 27.92 கோடி. கையெழுத்துப் பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, வரம்புக் கணக்கில் மட்டும் ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுத அங்கே அனுமதி உண்டு. இந்த ஆண்டு மூச்சுவிட இடம் கிடைக்கும். வீரரை இடையில் விடுவித்தால் மிச்சமெல்லாம் ஒன்றாகத் தலையில் விழும். அதற்கு அங்கே ‘டெட் மணி’ என்று பெயர்.

டென்வர் பிராங்கோஸ் அணி 2024 மார்ச்சில் வீரர் ரசல் வில்சனை விடுவித்தபோது விழுந்த தொகை 8.5 கோடி டாலர். இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்தும், 2024இல் மட்டும் 5.3 கோடி, அந்த ஆண்டு வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. அதே வில்சனைப் பிட்ஸ்பர்க் எடுத்தது 12.1 லட்சம் டாலருக்கு. ஃப்ரீ ஏஜென்ட் என்ற சொல்லின் இரண்டு முகமும் இந்த ஒரே ஆளிடம் தெரிகிறது. டென்வரின் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். அந்தச் சுமையோடு அவர்கள் குறைந்த சம்பளத்தில் ஆடும் புதுமுகம் போ நிக்ஸை நம்பி இறங்கி, அந்தப் பருவமே பிளே-ஆஃப் போனார்கள். இளம் வீரர்களுக்கு வழி திறந்து வைத்திருக்கும் கிளப்பால்தான் இப்படித் தவறிலிருந்து எழ முடிகிறது.

ஸ்பெயினின் முறை இன்னும் கண்டிப்பானது. எல்லாக் கிளப்புக்கும் ஒரே வரம்பு கிடையாது. அவரவர் வருமானத்தையும் கடனையும் பார்த்து லா லிகா தனித்தனியே வரம்பு போடுகிறது. சம்பளத்தோடு ஏஜென்ட் கமிஷனும் அதில் சேரும். 2021 ஜூன் 30இல் மெஸ்ஸியின் ஒப்பந்தம் முடிந்தது. பாதிச் சம்பளத்துக்கு அவர் ஒப்புக்கொண்டும் பார்சிலோனாவால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. அவரைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், சேர்க்காவிட்டாலும் 95 சதவீதம் என்றார் கிளப்பின் தலைவர் லாபோர்டா. ஜூன் 30 வரை காத்திராமல் சில மாதம் முன்பே நீட்டித்திருந்தால் அவர் புதிய வீரராகப் பதிவாக வேண்டியிருந்திருக்காது.

‘ஃப்ரீ’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2024இல் தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி மோகன் பகானுடனான நான்காண்டு லோன் ஒப்பந்தத்தைத் தன்னிச்சையாக முறித்துக்கொண்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர் தகுதிநிலைக் குழு அவருக்கு நான்கு மாதத் தடை விதித்து, அவரும் ஈஸ்ட் பெங்காலும் அவரை லோனில் அனுப்பியிருந்த டெல்லி எஃப்சியும் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. டெல்லி உயர் நீதிமன்றம்வரை போன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு விசாரணை மறுபடி தொடங்கியது. முடிவு யாருக்குச் சாதகமானாலும், ஒரே ஒரு வீரருக்காகக் கிளப்பின் மேல் தொங்கிய தொகை முழு அணியின் ஆண்டு வரம்பை எட்டப் பார்த்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தேயிலைத் தோட்டத்தைப் போல ஒப்பந்தங்களின் முடிவுத் தேதிகளைப் பல ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டுமென்றால் சிலருக்கு மூன்று, நான்கு ஆண்டு ஒப்பந்தம் தர வேண்டும். நாளை தொடரே நின்றுவிட்டால்? நியாயமான பயம். 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்பட்டது. சம்மேளனத்துக்கும் தொடரை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்ததே காரணம். சில கிளப்புகள் முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தின. நீண்ட ஒப்பந்தங்கள் அப்போது சுமையாகத் தெரிந்தன. ஆனால் எல்லோருக்கும் ஓராண்டு ஒப்பந்தம் போடுவது அதற்கு மருந்தாகாது. ஆண்டுதோறும் முழுத் தோட்டத்தையும் கவாத்து வெட்டுகிற கதையாகிவிடும். தொடரின் வரம்பு எவ்வளவாக இருந்தாலும், உறுதியான வருமானத்தை வைத்துத் தனக்கென ஒரு சிறிய வரம்பைக் கிளப் போட்டுக்கொள்வதும், நீண்ட ஒப்பந்தத்தை 24 வயதுக்காரருக்கும் குறுகியதை 33 வயதுக்காரருக்கும் தருவதும் நடைமுறையில் சாத்தியம்.

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு இறங்கி, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆடிவிட்டு வரும் பையன்களுக்கு இதெல்லாம் தொலைதூரச் சமாச்சாரமாகத் தோன்றலாம். செவன்ஸில் ஆட்டத்துக்கு ஆட்டம் காசு. ஒப்பந்தம் என்ற பேச்சே அபூர்வம். ஆனால் அந்தப் பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த உள்ளூர்க் கிளப்புக்கு இதில் ஒரு நேரடிப் பங்கு இருக்கிறது. 23 வயது வரை நடக்கும் மாற்றங்களுக்கு ஃபிஃபா வகுத்த பயிற்சி இழப்பீடு, வீரர் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தாலும் பொருந்தும். உள்நாட்டு மாற்றங்களில் அதைத் தேசியச் சங்கத்தின் விதி நிர்ணயிக்கிறது. கேட்க வேண்டுமென்றால் பதிவு வேண்டும். எந்தப் பருவத்தில் யார் எந்தக் கிளப்பில் பதிவானார் என்ற தாள் இல்லாத சிறு கிளப்பால் எந்தப் படியும் ஏற முடியாது.

இந்த இதழின் நடுப்பக்கத்தை வெற்று அட்டவணையாக விட்டிருக்கிறோம். முதல் பத்தியில் வீரர் பெயரும் வயதும். இரண்டாவதில் ஒப்பந்தம் முடியும் நாள். மூன்றாவதில் அடுத்த பருவச் சம்பளம், டாலர் என்றால் டாலரிலேயே. நான்காவதில் அவர் போனால் யார் என்ற பெயர். கீழே மூன்று கட்டங்கள்: அடுத்த மே, அதற்கடுத்த மே, அதற்கும் அடுத்த மே. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பெயர் விழுகிறது என்று நவம்பர் கடைசி வாரத்துக்குள் எண்ணி எழுதிக்கொள்ளவும்.