உடல் நலம்: பாரத்தோடு அமர்ந்தெழுதலும் முழங்காலும்

சிகந்திராபாத் புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள கணபதி கோயிலில் தோப்புக்கரணம் இடுகையில், முழங்காலைப் பற்றி நம்மவர் அஞ்சுவதில்லை. அதே முறையில் மகன் தோள்மீது இரும்புப் பாரம் ஏற்றி அமர்ந்தெழுந்தால், தந்தையின் நெஞ்சம் பதைக்கிறது. "மூட்டுத் தேய்ந்துவிடாதா?" என்று நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற திங்கள் வினவினார். வினா நியாயமானதே.

அமரும்போது முழங்கால் மடங்குகிறது. தொடையின் முன்தசைகள் இறுகி உடலைத் தாங்குகின்றன. அவற்றின் இழுப்பினால் முழங்காற்சில்லு தொடையெலும்பின்மேல் அழுந்துகிறது. மடக்கம் செங்கோணத்தை, அஃதாவது 90 பாகையை, நெருங்கும்வரை இவ்வழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பாரம் சேர்ந்தால் அதே மடக்கத்தில் அழுத்தம் இன்னும் மிகும். இம்மட்டில் தந்தையின் அச்சம் பொருளற்றதன்று.

ஆயினும் பாரம் முழங்கால் செல்லும் வழியையும் மாற்றுகிறது. சிறு பாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அமர்ந்தால், அது எதிர்நிறையாகி உடலைச் சமன்செய்யும். முன்னிலும் ஆழமாக அமரலாம். தாங்கவொண்ணாப் பாரமோ இடுப்பைப் பின்னே தள்ளி, உடலை முன்னே சாய்க்கும். முழங்கால்களை உட்புறம் சரியச் செய்யும். நல்ல பயிற்சியாளர் அஞ்சுவது இச்சரிவையே.

முழங்கால் கால்விரலைத் தாண்டலாகாது என்றொரு விதி பயிற்சிக்கூடங்களில் வழங்குகிறது. 2003இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பாரம் சுமந்தோரின் முழங்கால்கள் முன்செல்லாதவாறு பலகையால் தடுத்துப் பார்த்தனர். முழங்காலைத் திருப்பும் விசை 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பில் அவ்விசை 28இலிருந்து 303 ஆக ஏறிற்று! ஓரிடத்துச் சுமையை இறக்கி மற்றோரிடத்தில் ஏற்றிய கதையாயிற்று. ஆழ அமர்தல் மூட்டைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்தும் என்று 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் கார்ல் கிளைன் எழுதினார். பின்னர்ச் சோதித்தோர் அதனை உறுதிசெய்யவில்லை.

அண்டை ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திற் பிறந்த கர்ணம் மல்லேஸ்வரி, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 110, 130 ஆக 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். ஆழ அமர்ந்து எழுதல் இக்கலையின் அடிப்படைப் பயிற்சி. அவ்வன்மை ஒரு நாளில் வந்ததன்று. பல்லாண்டுகள் சிறுகச் சிறுக ஏற்றிய பாரத்தின் பயன் அது.

ஆகவே இளைஞர்கள் முதலில் பாரமின்றிப் பழகுக. குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும். முழங்கால், பாதம் நோக்கும் திசையிலேயே மடங்கட்டும். இவ்வொழுங்கு கெடாதவரை மட்டும் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. கெட்டால் உடனே குறைக்க. வலியோ வீக்கமோ கண்டால் நிறுத்தி மருத்துவரை நாடுக. முன்பே மூட்டுநோய் உடையோர் மருத்துவர் சொற்படியே தொடங்குதல் வேண்டும்.

வினவிய அன்பருக்கு ஒரு சொல். மகனைத் தடுக்க வேண்டா. அருகில் நின்று அவன் முழங்கால் செல்லும் வழியைப் பாருங்கள். இயன்றால் நாற்காலியைப் பற்றியேனும் நீங்களும் நாள்தோறும் சில முறை அமர்ந்து எழுங்கள். அவ்வன்மை குன்றியபின் தரையில் அமர்ந்து உண்ணவும், எழுந்து நிற்கவும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். தேய்மானத்திற்கு அஞ்சும் நாம் அந்நிலைக்கும் அஞ்ச வேண்டாமா?