'சென்டியன்ஸ்' என்றால் புத்திசாலித்தனம் அல்ல!

கூகுளின் 'லாம்டா' சாட்பாட்டுக்கு 'சென்டியன்ஸ்' வந்துவிட்டது என்று, அங்கே வேலை பார்த்த பொறியாளர் பிளேக் லெமாய்ன் 2022 ஜூனில் சொன்னது உலகம் முழுக்க வைரல் ஆனது. கூகுள் அதை மறுத்தது. அடுத்த மாதமே அவரை வேலையை விட்டும் நீக்கியது. ஆனால் வார்த்தை ஒட்டிக்கொண்டது. ஏஐ கொஞ்சம் நன்றாகப் பேசினாலே, 'இது சென்டியன்ட் ஆயிடுச்சுப்பா' என்கிறோம்.

சரி, இதற்கு என்னதான் அர்த்தம்? 'உணர்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது இது. வலி, சுகம், பயம் போன்றவற்றை உள்ளுக்குள் அனுபவிக்கும் தன்மைதான் சென்டியன்ஸ். போன் ரொம்ப சூடானால் எச்சரிக்கை காட்டும். ஆனால் அதற்குச் சுடாது. உங்கள் விரலுக்குச் சுடும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆக, பேச்சும் புத்தியும் இதற்கு அளவுகோல் இல்லை. அப்படி வைத்தால் என்ன ஆகும்? பச்சிளங்குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்து கொடுக்காமலே ஆபரேஷன் செய்வது 1980-கள் வரை அமெரிக்காவிலேயே நடந்தது. குழந்தையால் 'வலிக்குது' என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான் அதன் குற்றம்.

பிரிட்டன் இந்த வார்த்தையைச் சரியான இடத்தில் வைத்தது. அதே 2022-ல் வந்த விலங்கு நலச் சட்டம், முதுகெலும்புள்ள விலங்குகளோடு நண்டு, இறால், ஆக்டோபஸையும் உணரும் உயிர்களாக ஏற்றது. 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசிய அறிக்கைக்குப் பிறகே அவை சேர்க்கப்பட்டன. அரசின் கொள்கைகள் இந்த உயிர்களின் நலனைக் கணக்கில் எடுத்தனவா என்று பார்க்க ஒரு குழுவும் உண்டு.

தமிழில் இதை 'உணர்திறன்' என்கிறார்கள். டச் ஸ்கிரீனுக்கும் அதே சொல்தான் என்பதால் குழப்பம். 'உணரும் தன்மை' என்றால் தெளிவாக இருக்கும்.

நாளை ஏஐ உணருமா என்பது திறந்த கேள்விதான். ஆனால், மனிதர்கள் எழுதியதைப் படித்துக் கற்ற ஒன்று 'எனக்கு வலிக்குது' என்று டைப் செய்வது மட்டும் ஆதாரம் ஆகிவிடாது. வாய் உள்ள இயந்திரத்துக்காக உருகிவிட்டு, வாயில்லா ஜீவனைக் கண்டுகொள்ளாமல் போவதுதான் இந்த வார்த்தையைத் தப்பாகப் பயன்படுத்துவதன் விலை.

அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பு கண்ணில் பட்டால், 'அதுக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்காதீர்கள். 'அதுக்கு வலிக்குமா?' என்று கேளுங்கள்.