புகை அளக்கும் கருவிக்கும் முத்திரை வேண்டும்

மளிகைக் கடைத் தராசில் அரசு முத்திரை இல்லாவிட்டால் கடைக்காரருக்கு அபராதம். ஆனால் ஆலைப் புகையை அளக்கும் கருவிக்கு வெகு காலம் நம் நாட்டு முத்திரையே இல்லை.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1981-ல். சிமெண்ட், உரம், இரும்பு முதலிய 17 வகை ஆலைகள் புகையை இடைவிடாது அளக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அப்போது கருவிக்குச் சான்று என்றால் பெரும்பாலும் ஜெர்மனி, பிரிட்டன் போன்ற வெளிநாட்டுச் சான்றுதான். டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தை மத்திய அரசு சான்றளிக்கும் நிலையமாக அறிவித்தது 2019-ல்! கருவி முன்னே, முத்திரை பின்னே.

ஜெர்மனியில் சரியாகக் காட்டிய கருவி, சாம்பலும் ஈரமும் மிகுந்த நம் புகைபோக்கியிலும் அப்படியே காட்டும் என்பது நிச்சயமில்லை. கண்ணாடியில் தூசி படிந்தாலே கணக்கு தவறிவிடும். ஆகவே தராசுக்குச் செய்வதுபோல், குறித்த காலத்தில் ஆலைக்கே வந்து சோதித்து முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும்.

பெங்களூர் பீன்யாவில் நம்மவர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் பெரும்பாலும் அந்த 17 வகையில் சேராதவை. முலாம் பூசும் தொட்டியருகே அமில ஆவியில் நிற்பவருக்கு எந்தக் கருவியும் இல்லை. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் ஆண்டுக்கு இரு முறையாவது, சான்று பெற்ற கைக்கருவியுடன் அங்கே வர வேண்டும். அளந்த கணக்கைப் பட்டறை வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும்.