தங்கவயலில் நிறுத்தப்பட்ட பம்புகளும் பெருங்கணினிக்கு எழுதப்படும் இரங்கற்பாக்களும்

மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினி இறந்துவிட்டது என்று அறிவிப்போர், அது எந்த நாளில் இறந்தது என்றும் சொன்னால் நன்று. 1991-ல் இன்ஃபோவேர்ல்டு இதழின் ஸ்டூவர்ட் ஆல்சாப் அந்தத் துணிவைக் காட்டினார். உலகின் கடைசிப் பெருங்கணினி 1996 மார்ச் 15 அன்று மின்னிணைப்பிலிருந்து பிடுங்கப்படும் என்று எழுதினார். அந்த நாள் வந்து போயிற்று. கணிப்பு பொய்த்ததை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். இன்றைய கல்விப்புலத்தினர் அவரைவிட எச்சரிக்கையானவர்கள். நாள் குறிப்பதில்லை. 'லெகசி' என்ற ஒற்றைச் சொல்லை உதிர்த்துவிட்டு அடுத்த பாடவேளைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சொல்லின் விலை என்ன என்பதை அறியக் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் இல்லை. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழில் அங்கே 120 ஆண்டுகள் நடந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. அந்தச் சுரங்கங்களுக்காகவே 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்தடம் இழுக்கப்பட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாக அதற்குள் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் நட்டம்.

நட்டம் பொய்யன்று. தாதுவின் தரம் இறங்கியிருந்தது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று கேட்போர் குறைவு. பல ஆண்டுகள் தங்கவயலின் தங்கம் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்கப்படவில்லை. அதைவிடக் குறைந்த பன்னாட்டு விலைக்கே அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மூடிய ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அவுன்சு தங்கம் 270 டாலர் அளவில் இருந்தது. 2025-ல் அது 3,000 டாலரைக் கடந்தது. ஓராண்டின் விலையை வைத்து நூறாண்டுக் கட்டுமானத்துக்குத் தீர்ப்பெழுதினார்கள். தீர்ப்பு எழுதப்பட்டதும் நீரிறைக்கும் பம்புகள் நின்றன. சுரங்கங்களில் நீர் நிரம்பியது. விலை ஏறிவிட்டது என்பதற்காக மீண்டும் இறங்கிவிட முடியாது. எந்தப் பாறை எப்போது வெடிக்கும் என்பதை ஓசையால் அறிந்தவர்கள் காவலாளிகளாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள்.

இன்னொரு இழப்பு ஆய்வாளர்களுக்கு நெருக்கமானது. 1965-ல் அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 7,600 அடி ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வில் வளிமண்டல நியூட்ரினோ கண்டறியப்பட்டது. உலகில் அவ்வகைக் கண்டுபிடிப்பு முதன்முதலாக நிகழ்ந்த இரண்டு இடங்களுள் தங்கவயல் ஒன்று. மற்றொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கம். 1980-களில் புரோட்டான் சிதைவு ஆய்வும் அங்கேயே நடந்தது. தங்கத்துக்காகத் தோண்டிய ஆழம் இயற்பியலுக்குப் பயன்படும் என்று 1880-ல் யாரும் திட்டமிடவில்லை. சுரங்கத்துக்கு முன்பே அந்த ஆய்வுக்கூடம் 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. பிறகு நியூட்ரினோவுக்கென்று தேனி மாவட்டத்து மலையைக் குடையும் திட்டத்துக்கு 2015-ல் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தரப்பட்டது. மக்கள் எதிர்ப்பில் அது நின்றுகிடக்கிறது. எதிர்ப்பவர்களின் சூழலியல் அச்சம் வேறு விவாதம். கையிலிருந்த ஆழத்தை இந்த நாடு தானே மூடிக்கொண்டது என்பது மட்டும் இங்கே போதும்.

பெருங்கணினி விவாதத்தில் நடப்பதும் இதே கணக்குப் பிழைதான். ஆண்டு உரிமக் கட்டணம் ஒரு பக்கத்தில் எழுதப்படுகிறது. அது உண்மையிலேயே கனமான தொகை. மறுபக்கத்தில் எழுதவேண்டியவை எழுதப்படுவதில்லை.

எழுதப்படாதவற்றுள் முதலாவது தொடர்ச்சி. ஐபிஎம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதற்காக எழுதிய பயன்பாட்டு நிரலை இன்றைய இசட் வரிசைக் கணினியிலும் ஓட்டலாம். அறுபதாண்டுத் தொடர்ச்சியை வேறெந்தக் கணினிக் குடும்பம் தந்திருக்கிறது? ஐந்தாண்டுக்கு முன் எழுதிய கைப்பேசிச் செயலி இன்றைய இயங்குதளத்தில் திறக்க மறுப்பதை 'வளர்ச்சி' என்று பாடம் நடத்துகிறோம்.

அடுத்தது எண்கணிதம். பத்தில் ஒரு பங்கை, அதாவது பத்துக் காசை, இருமப் பின்னத்தில் துல்லியமாக எழுத இயலாது. எந்த நவீன மொழியிலும் 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரண மிதவை எண்களாகக் கூட்டிப் பார்த்தால் மாணவர்கள் இதைத் தாமே காணலாம். பெருங்கணினியில் பதின்ம எண்களை நேரடியாகக் கூட்டிக் கழிக்கும் கட்டளைகள் 1964 முதல் வன்பொருளிலேயே உள்ளன. கோபோல் மொழி அதற்கேற்பவே பணத்தைப் பணமாக நடத்துகிறது. கோடிக்கணக்கான கணக்குகளுக்கு நாள்தோறும் வட்டி கணக்கிடும் இடத்தில் இது கலைப்பொருள் சேகரிப்பவரின் பிடிவாதம் ஆகாது.

உள்ளீடு வெளியீட்டைத் தனிச் செயலிகளிடம் ஒப்படைத்து மையச் செயலியை விடுவிப்பது, ஒரு கட்டளை பிழைபட்டால் வன்பொருளே அதை மீண்டும் முயல்வது, கெட்ட கருவின் இடத்தை உதிரிக் கரு ஏற்பது ஆகியவை அந்த இயந்திரத்தின் இயல்பான பண்புகள். மேகக் கணிமையின் உயிர்நாடியான மெய்நிகர் இயந்திரமும் பெருங்கணினி வீட்டுப் பிள்ளைதான். 1960-களில் ஐபிஎம்-இன் கேம்பிரிட்ஜ் மையத்தில் பிறந்து, 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பாட்டியின் நகையைப் பேத்தி அணிந்துகொண்டு பாட்டியைப் பழமைவாதி என்று ஏசுவது போன்றது இன்றைய பேச்சு.

மாற்றமே வேண்டாம் என்பதன்று இங்குள்ள வாதம். மாற்றத்தின் இடரை மறைக்கக் கூடாது என்பதே. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் குழுமத்தின் பழைய அமைப்பிலிருந்து புதிய தளத்துக்கு ஒரு வார இறுதியில் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தனர். அவ்வாண்டில் மட்டும் வங்கிக்கு 33 கோடி பவுண்டு செலவு. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த தண்டம் 4.8 கோடி பவுண்டுக்கு மேல்.

எதிர்த்தரப்பு ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காட்டும். காட்டட்டும். 2012 ஜூனில் பெருங்கணினித் தொகுப்புப் பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருளை மேம்படுத்தப்போய் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர், தண்டம் 5.6 கோடி பவுண்டு. ஆனால் அங்கே இயந்திரம் தோற்கவில்லை. மேம்பாட்டைச் சோதித்துப் பார்ப்பதிலும், பழுதானபின் பின்வாங்குவதிலும் அந்த நிறுவனம் தோற்றது. பம்பு நன்றாக இருக்கும்போதும் அதை இயக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் சுரங்கத்தில் நீர் ஏறும். 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவித்தபோது உலகமே கோபோலைப் பழித்தது. வேலையின்மை உதவித்தொகை தடைபட்டதற்குப் பின்னிருந்த கோபோல் நிரல் காரணமன்று, முன்னிருந்த இணையத்தளமே திணறியது என்று கணினி வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் அவ்வாண்டே எழுதினார். பழிச்சொல் பரவிய வேகத்தில் அந்தத் திருத்தம் பரவவில்லை.

இந்தியாவைப் பொறுத்தவரை ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நம் வங்கிகளில் பெரும்பாலானவை பெருங்கணினி யுகத்தைத் தாண்டிக் குதித்தவை. பாரத ஸ்டேட் வங்கியின் மைய வங்கியியல் அமைப்பே யூனிக்ஸ் வழங்கிகளில் அமைந்தது. ஆகவே 'நமக்கெதற்கு?' என்ற வினா எழும். விடை நம் உழைப்பின் வரலாற்றில் உள்ளது. 1973-ல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. 1974-ல் டிசிஎஸ் பரோஸ் பெருங்கணினியோடு தன் ஏற்றுமதித் தொழிலைத் தொடங்கியது. 1978-ல் ஐபிஎம் இந்நாட்டைவிட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை அரசின் சிஎம்சி நிறுவனம் ஏற்றது. பழையதைக் கைவிடாமல் காத்த அந்த நிறுவனமே பின்னர் இரயில்வே முன்பதிவு அமைப்பை எழுதியது. 1990-களின் இறுதியில் சென்னையும் பெங்களூரும் உலக வரைபடத்தில் ஏறியது ஆண்டு 2000 சிக்கலால்; அதாவது, பிறர் எழுதிய கோபோல் வரிகளைப் பொறுமையாகப் படித்தவர்களால். நம் தகவல் தொழில்நுட்ப நடுத்தர வர்க்கத்தின் முதல் சம்பளத்தில் பெரும்பங்கு இந்த 'லெகசி'யின் கொடை.

இன்றும் மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் தொடர்வண்டி உரிகத்திலும் பங்காரப்பேட்டையிலும் நிரம்பிப் பெங்களூருக்குப் போகிறது. பாட்டன்கள் லிஃப்டில் பூமிக்குள் இறங்கினார்கள். பேரப்பிள்ளைகள் பெங்களூருக் கண்ணாடிக் கட்டடங்களின் லிஃப்டில் ஏறுகிறார்கள், சிலர் துப்புரவுப் பணிக்கும் காவல் பணிக்கும், சிலர் நிரலெழுதவும். பொறியியல் படித்து வரும் அந்தப் பிள்ளைகள், சென்ற மாதம் பிறந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கட்டகத்தைக் கற்றுக்கொண்டு இலட்சம் பேரோடு போட்டியிடுகிறார்கள். அதே நகரத்தில், ஓய்வுபெறும் பெருங்கணினி வல்லுநர்களின் இருக்கைகளுக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் உள்ளன. இவ்விரு செய்திகளுக்கும் இடையில் நிற்க வேண்டிய பல்கலைக்கழகம் அங்கே நிற்கவில்லை. பழையதைக் கற்பித்தால் தரவரிசை குறையும் என்ற அச்சமா, அல்லது பாடத்திட்டக் குழுவிலிருப்போர் அதைப் பார்த்ததே இல்லையா என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தவறான நுட்பத்தில் ஈராண்டு வீணாக்கலாம். தங்கவயல் லைன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஈராண்டு இல்லை.

செயற்கை நுண்ணறிவு கோபோலை ஒரே இரவில் ஜாவாவாக மாற்றிவிடும் என்பது அண்மைக்கால ஆறுதல். மொழிபெயர்ப்பு நடக்கும், ஐபிஎம் நிறுவனமே 2023-ல் அதற்கான கருவியை அறிவித்தது. ஆனால் 1983-ல் ஒரு சுற்றறிக்கைக்காகச் சேர்த்த நிபந்தனை வரி ஏன் இருக்கிறது, அதை நீக்கினால் யாருடைய ஓய்வூதியம் நிற்கும் என்பதை மொழிபெயர்ப்பு சொல்லாது. விளைவைச் சரிபார்க்க மூலத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும்.

தங்கவயலில் இப்போது இன்னொரு காட்சி. நூறாண்டுகளாகச் சயனைடு கழுவித் தள்ளிய கழிவு மேடுகள் ஊரைச் சுற்றி மலைகளாக நிற்கின்றன. காற்றடித்தால் வீடுகளுக்குள் தூசு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அவற்றுள் 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு இசைவு தந்தது. கழிவென்று ஒதுக்கியதில் பொன் இருப்பதை மதிப்பிட மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். கணினித் துறையில் அத்தகைய சோதனைகூட இல்லாமல் மேட்டையே விற்றுவிடச் சொல்கிறார்கள்.

'எங்கள் கல்லூரியில் பெருங்கணினி இல்லையே, எப்படிக் கற்பிப்பது?' என்பது கடைசிச் சாக்கு. ஹெர்குலிஸ் என்னும் பின்பற்றி மென்பொருள் 1999 முதல் இலவசமாகக் கிடைக்கிறது; எம்விஎஸ் 3.8 இயங்குதளம் பொதுவுடைமை. குனு கோபோல் எந்த லினக்சிலும் நிறுவத்தக்கது. ஐபிஎம்-இன் இசட் எக்ஸ்ப்ளோர் மாணவர்களைக் கட்டணமின்றி உண்மையான பெருங்கணினிக்குள் அனுமதிக்கிறது. தேவை ஒரு பருவத்தில் ஒரு விருப்பப்பாடம், அதை நடத்த முன்வரும் ஓர் ஆசிரியர். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்க்க ஒரு கடிதம் போதும். துறைத்தலைவர்கள் அதை இந்தப் பருவத்திலேயே எழுதலாம்.